காந்தியின் ஆட்டுப்பாலும் எங்க வீட்டுக் கட்டன் சாயாவும்

டிஸ்கி: பால் குடிக்காதீங்கன்னு யாருக்கும் அட்வைஸ் பண்ற பதிவு இல்ல இது. தைரியமா சாயா கிளாஸைப் பக்கத்துல வச்சுக்கிட்டே படிக்கலாம் :-)

நாலு வருஷமா நான் பால் குடிக்கிறதில்ல. தயிர், மோர், நெய், வெண்ணெய், தேன் எதுவும் கிடையாது. கறி, மீன், முட்டை எல்லாம் அதுக்கும் முன்னாடியே போயாச்சு. இதுக்கு இப்போ நனிசைவம்னு அழகா ஒரு தமிழ்ப் பேரு இருக்கு. எங்க ஊர் கொட்டாரத்துல வச்சிருக்கற பேரு வேற. "பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்க பயலா, அவனுக்கு என்னமோ சீக்காம்."

போன வருஷம் சுசீந்திரத்துல ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தி எப்படின்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு: இலையில இடம் பத்தாது. முதல்ல பருப்பு வந்துச்சு, கூடவே நெய்க் கிண்ணம். கையை வச்சு இலையை மறைச்சேன். "என்ன மக்கா, கொலஸ்ட்ராலா?"ன்னு பரிமாற வந்த அண்ணன் பரிதாபமா கேட்டார். அவியல் வந்தப்போ "தயிர் விட்டிருக்கா அண்ணே"ன்னு கேட்டுத் தொலைச்சுட்டேன். அவர் திரும்பி சமையல்கட்டைப் பாத்து சத்தமா அதையே கேட்டார். அங்கேருந்து "யாரு கேக்கது?"ன்னு பதில் வந்துச்சு. அவ்வளவுதான், மொத்தப் பந்தியும் என்னைப் பாக்குது. புளிசேரி, பச்சடி, பால்பாயசம், மோர்னு வரிசையா ஒவ்வொண்ணுக்கும் கையை மறிச்சேன். எதிர் வரிசையில இருந்த பெரியப்பா பப்படத்தை நொறுக்கிக்கிட்டே சொன்னார், "எலே, பாம்புகூட பால் குடிக்கும்லா!"

மண்டபமே சிரிச்சது. நானும்தான் சிரிச்சேன். வேற என்ன செய்ய.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்த உணவுமுறைக்கு எங்க ஊர் மாதிரி தோதான ஊர் உலகத்துல ரொம்பக் கிடையாது. எல்லாத்துக்கும் தேங்காய், எல்லாத்துக்கும் தேங்காயெண்ணெய். அடைப்பிரதமனே தேங்காப்பால்தான் (வறுத்துப் போடற முந்திரியில நெய் இருக்கும், அது தனிக்கதை). துவரன், எரிசேரி, ஏத்தங்காய் உப்பேரி, மரச்சீனி, பயறு, கஞ்சி. வீட்ல மட்டும் சாப்பிட்டா எனக்கு ஒரு குறையும் இல்ல. சாயாக்கடையில கூட கட்டன்னு சொன்னா பால் இல்லாத சாயா வந்துடும், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. ஆனா பந்தியில உக்காந்தா போச்சு.

அந்தக் கல்யாணம் முடிஞ்சு ராத்திரி தூக்கம் வராம, இந்த அடியை எனக்கு முன்னாடி வாங்கினவங்க யாருன்னு தேட ஆரம்பிச்சேன். ஆள் ரொம்பப் பக்கத்துலயே இருக்கார். கொட்டாரத்துல பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல கன்னியாகுமரி. அங்க கடலோரத்துல 1956-ல கட்டின காந்தி மண்டபம். 1948 பிப்ரவரியில அஸ்தியைக் கடல்ல கரைக்கறதுக்கு முன்னாடி மக்கள் பாக்க வச்ச இடம். அக்டோபர் 2-ஆம் தேதி மதியம் வெயில் சரியா அந்த இடத்துல விழும்னு ஸ்கூல்ல கூட்டிட்டுப் போய் காட்டியிருக்காங்க. அன்னிக்கு என் கவலையெல்லாம் வாசல்ல விக்கற மாங்காத்துண்டு மேலதான். அஸ்தியா வந்த அந்த மனுஷன் பாலைக் கைவிட்டு ஆறு வருஷத்துக்கு மேல போராடித் தோத்துப்போனவர்னு எந்த வாத்தியாரும் சொல்லித்தரல.

கதை 1888-ல ஆரம்பிக்குது. பாரிஸ்டர் படிக்க லண்டன் கிளம்பற பையன்கிட்ட அம்மா புத்லிபாய் சத்தியம் வாங்குறாங்க. மது, மாது, மாமிசம் மூணும் தொடமாட்டேன்னு. லண்டன்ல போய் அரைப்பட்டினி கிடந்து, கடைசியில ஃபாரிங்டன் தெருவுல ஒரு சைவ ஹோட்டலைக் கண்டுபிடிச்சு, அங்கயே ஹென்றி சால்ட் எழுதின சைவ உணவு பத்தின புத்தகத்தையும் வாங்குறார். அங்கே ஒரு சிக்கல். மாமிசம்னா எது? இங்கிலீஷ் சைவக்காரங்கள்ல ஒரு கோஷ்டிக்கு முட்டை மாமிசம் இல்ல. காந்தியும் கொஞ்ச நாள் முட்டை சாப்பிட்டுப் பாத்தார். அப்புறம் யோசிக்கிறார்: சத்தியம் வாங்கினது அம்மா, அம்மாவுக்கு முட்டையும் மாமிசம்தான், அப்போ சத்தியம் வாங்கினவங்க மனசுல என்ன அர்த்தமோ அதுதான் என்னைக் கட்டுப்படுத்தும். முட்டையை விட்டார். விட்டதும் என்ன ஆச்சு? சைவ ஹோட்டல்லயே புட்டிங்குலயும் கேக்குலயும் முட்டை இருக்கும்கறதால ஒவ்வொண்ணா விசாரிச்சு விசாரிச்சு சாப்பிட வேண்டியதாப் போச்சு.

"தயிர் விட்டிருக்கா அண்ணே?" கேஸ்தான். நூத்திச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி, கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு.

இந்த அம்மா-அர்த்தம் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

பாலை விடணும்ங்கற எண்ணம் அவருக்கு முதல்ல ஜீவகாருண்யத்தால வரல. பிரம்மச்சரியத்துக்குப் பால் ஆகாதுன்னு அவர் மதிச்ச ராய்சந்த்பாய் சொன்னதுல இருந்து வந்துச்சு. அப்புறம் கல்கத்தாவுல இருந்து வந்த சில வெளியீடுகளைப் படிக்கிறார். பால் சுரக்க வைக்க மாட்டோட பின்புறம் வழியா ஊதற 'பூக்கா'ங்கற கொடுமை பத்தி. (இது வெறும் பழங்கதை இல்ல. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்துல இதுக்குன்னே தனிப் பிரிவு போட்டுத் தண்டனை வச்சாங்க.) என் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். சின்ன வயசுல பக்கத்து வீட்டுத் தொழுவுல கன்னுக்குட்டி செத்துப் போச்சு. தோலை உரிச்சு உள்ள வைக்கோல் அடைச்சு, நாலு கம்பு கால் வச்சு, பசு முன்னாடி நிறுத்தினாங்க. பசு அதை நக்கி நக்கிப் பால் விட்டுச்சு. அன்னிக்கு ஒண்ணும் தோணல, அந்தப் பால்ல போட்ட சாயாவையும் குடிச்சேன். இருபது வருஷம் கழிச்சு பெங்களூர்ல ஒரு நாள் ராத்திரி டெப்ளாய்மென்ட் நடுவுல, கையில காஃபியோட நிக்கறப்போ அந்த வைக்கோல் கன்னு ஞாபகம் வந்துச்சு. ஏன் அன்னிக்கு வந்துச்சுன்னு கேட்டா தெரியாது.

1912-ல காந்தியும் நண்பர் ஹெர்மன் காலன்பாக்கும் சேர்ந்து பாலை விட்டாங்க. இடம் டால்ஸ்டாய் பண்ணை. ஜோகன்னஸ்பர்க்ல இருந்து 21 மைல் தள்ளி 1,100 ஏக்கர், காலன்பாக் கொடுத்த நிலம். சத்தியாகிரகத்துல ஜெயிலுக்குப் போனவங்களோட குடும்பங்கள் தங்கின இடம். அதுல தமிழ்க் குடும்பங்களும் உண்டு. தனக்குத் தெரிஞ்ச கொஞ்சூண்டு தமிழை வச்சுக்கிட்டு காந்தி அங்க பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பாடமே எடுத்திருக்கார், பாவம் அந்தப் பிள்ளைகள். அங்க அவரோட சாப்பாடு நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். எல்லாரும் ஒரே சமையல்கட்டு. தமிழன், குஜராத்தி, முஸ்லிம், கிறிஸ்தவன் எல்லாரும் சைவச் சாப்பாட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க. பாலை விட்ட ரெண்டு பேரைப் பாத்து அங்க யாரும் பெரியப்பா ஜோக் அடிச்சிருக்க வாய்ப்பில்ல. அந்தப் பண்ணையில விசித்திரம்தான் வழக்கமே.

பண்ணையை விட்டு வெளிய வந்ததும்தான் சோதனை. 1914-ல லண்டன் வந்தவருக்கு ப்ளூரிசி. டாக்டர் ஜீவராஜ் மேத்தா பால் குடிக்கச் சொல்றார். மதிக்கற கோகலேயும் டாக்டர் சொல்றதைக் கேளுன்னு வற்புறுத்தறார். ஒரு ராத்திரி பூரா யோசிச்சு, மறுநாள் போய் பாலைத் தவிர மத்ததுல உங்க பேச்சைக் கேக்கறேன்னு சொல்லிட்டு வர்றார். தப்பிச்சார்.

1918-ல தப்பிக்க முடியல. கேடா மாவட்டத்துல பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க ஊர் ஊரா நடை. சாப்பாடு பெரும்பாலும் நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும். உடம்பு ஏற்கெனவே கெட்டிருக்கு. ஒரு பண்டிகை நாள். கஸ்தூர்பா இனிப்புப் போட்ட கோதுமைக் கஞ்சியும் பாசிப்பயறும் செஞ்சு வைக்கிறாங்க. வேண்டாம்னு இருந்தவர் ஆசையில கொஞ்சம் கூடுதலாவே சாப்பிட்டுடறார். ஒரு மணி நேரத்துல வயித்துக்கடுப்பு, சீதபேதி. மாசக்கணக்குல படுக்கை. செத்துடுவோம்னே நினைச்சு ஆசிரமத்துக்காரங்ககிட்ட கடைசிப் பேச்சு மாதிரி பேசியிருக்கார். 1919 தொடக்கத்துல பம்பாய்ல டாக்டர் தலால் பாத்துட்டு, பால் குடிக்காம இந்த உடம்பைத் தேத்த முடியாதுன்னு அடிச்சுச் சொல்றார். சத்தியம் இருக்குன்னு சொல்றார் காந்தி. என்ன சத்தியம், எதுக்காகன்னு டாக்டர் கேக்க, பசுவுக்கும் எருமைக்கும் நடக்கற கொடுமையை விளக்கறார். கட்டில் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருந்த கஸ்தூர்பா குறுக்கே வர்றாங்க. அப்போ ஆட்டுப்பால் குடிக்கலாம்லா?

டாக்டரும் உடனே பிடிச்சுக்கிட்டார், ஆட்டுப்பால் போதும்னு. காந்தி விழுந்தார்.

இந்தக் கதையை எல்லாரும் காந்தி கண்டுபிடிச்ச ஓட்டைன்னு கிண்டலா சொல்வாங்க. அவரே சுயசரிதையில மறைக்கல. சத்தியம் செய்யறப்போ மனசுல பசுவும் எருமையும்தான் இருந்துச்சு, ஆனா நியாயப்படி எல்லா மிருகத்தோட பாலும் அதுல அடக்கம், உயிர் வாழற ஆசையில சத்தியத்தோட எழுத்தைக் காப்பாத்தி உயிரை விட்டுட்டேன்னு வருத்தப்பட்டு எழுதியிருக்கார். லண்டன்ல முட்டைக்கு அம்மாவோட அர்த்தத்தைப் பாத்தவர், பம்பாய்ல தன்னோட அர்த்தத்தையே விட்டுக்கொடுத்தார். ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் போராட உடம்பு வேணும்ங்கற ஆசையும் சேர்ந்துக்கிச்சு.

எனக்கு இதுல கண்ணு போறது கஸ்தூர்பா மேலதான். தென்னாப்பிரிக்காவுல இருந்தப்போ அவங்களுக்கு ஒரு ஆபரேஷன் நடந்து ரொம்ப முடியாம இருந்தாங்க. டர்பன் டாக்டர் மாட்டுக்கறி சூப் குடுத்தே ஆகணும்னார். கஸ்தூர்பா செத்தாலும் சரி, தொடமாட்டேன்னுட்டாங்க. அப்படின்னா என் வீட்டுல வச்சு வைத்தியம் பாக்க முடியாதுன்னு டாக்டர் கைவிரிக்க, தூறல் மழையில நடக்கவே தெம்பில்லாத உடம்போட ரயில் ஏறி, தூளி கட்டித் தூக்கி ஃபீனிக்ஸ் கொண்டு போனாங்க. சாப்பாட்டு விஷயத்துல டாக்டருக்கு மசியாத பொம்பளை. அவங்கதான் புருஷன் விஷயத்துல ஆட்டைக் கண்டுபிடிச்சாங்க. தன் சத்தியத்துக்காக சாகறது ஒண்ணு, இன்னொருத்தர் தன்னோட சத்தியத்துக்காக சாகறதைப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கறது வேற ஒண்ணு. இதை அந்தக் கட்டில்ல படுத்திருக்கற ஆள் புரிஞ்சுக்கறது கஷ்டம். எனக்கும் ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது.

அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் ஆட்டுப்பால்தான். ஆனா பாலுக்கு மாற்று ஒண்ணு செடி கொடியில இருந்தா அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்கன்னு சுயசரிதையிலயே கேட்டு வச்சிருக்கார். கடைசி வருஷங்கள்ல ஆகாகான் மாளிகையில கைதியா இருந்தப்போ ஆரோக்கியம் பத்தி எழுதினதுலயும், அப்படி ஒண்ணு கண்டுபிடிக்கற வரைக்கும் பால் இல்லாம முடியாதுன்னு ஒத்துக்கிட்டார்.

பதில் கிடைச்ச வருஷம் 1948. அமெரிக்காவுல மெர்க் கம்பெனி ஆட்களும் இங்கிலாந்துல கிளாக்ஸோ ஆட்களும் தனித்தனியா வைட்டமின் பி12-ஐப் பிரிச்செடுத்தாங்க. காந்தி சுடப்பட்டது அதே வருஷம் ஜனவரியில. காந்தியோட வியாதி பி12 குறைவால வந்துச்சுன்னு நான் சொல்லல, சீதபேதிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா பாலை விட்டா உடம்புல எது குறையும், எத்தனை வருஷம் கழிச்சுக் குறையும்னு அவருக்கு வைத்தியம் பாத்த எந்த டாக்டருக்கும் தெரிஞ்சிருக்க வழியில்ல. பி12-ஐ செடியும் செய்யாது, மிருகமும் செய்யாது. பாக்டீரியா செய்யுது. ஆடு மாடு வயித்துல இருக்கற பாக்டீரியா செஞ்சது நமக்குப் பால்லயும் கறியிலயும் வருது. ஏற்கெனவே சாப்பிட்டதை நம்ம ஈரல் சேத்து வச்சிருக்கும், வருஷக்கணக்குல வரும். அதான் வில்லங்கமே. முதல் ரெண்டு மூணு வருஷம் ஒண்ணுமே தெரியாது. பாத்தியா நான் நல்லாத்தானே இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியலாம். நான் திரிஞ்சேன்.

மூணாவது வருஷம் உள்ளங்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. ஏசியில உக்காந்து பொட்டி தட்டறதால இருக்கும்னு விட்டேன். கோடு எழுதறப்போ வேரியபிள் பேரே மறந்து போக ஆரம்பிச்சுது (அது எனக்கு முன்னாடியும் உண்டுங்கறதால சந்தேகமே வரல). லீவுக்கு வந்தப்போ நாகர்கோவில்ல டெஸ்ட் எடுத்தா பி12 140 பிகோகிராம், இருக்க வேண்டியது குறைஞ்சது 200. ரிப்போர்ட்டை டாக்டர் என்கிட்ட தரல, அம்மாகிட்ட குடுத்தார். அம்மாவுக்கு அந்த இங்கிலீஷ் புரியாது, ஆனா "பால் குடிக்காததால"ங்கற மூணாவது வார்த்தை புரிஞ்சுது. வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒண்ணும் பேசல. அடுக்களைக்குள்ள போனதும், "நான் என்ன கொறை வச்சேன்லே உனக்கு?"ன்னு கேட்டாங்க.

ஊசி போட்டு, மாத்திரை எடுத்து, இப்போ சரியாயிட்டேன். பாலுக்குத் திரும்பல. மாத்திரை வாரத்துக்கு ஒண்ணு, விலையும் பெருசா ஒண்ணுமில்ல. காந்தி ஊர் பூரா கேட்டும் கிடைக்காத பதில் மெடிக்கல் ஷாப்ல அட்டையில தொங்குது. ஆனா அம்மாவோட கேள்விக்கு மாத்திரை கிடையாது.

'வீகன்'ங்கற பேரு பொறந்ததே 1944 நவம்பர்லதான். இங்கிலாந்துல டொனால்ட் வாட்சன்னு ஒரு மரவேலை வாத்தியார், பால் குடிக்காத சைவக்காரங்களுக்குன்னு ஒரு சின்ன செய்தி மடல் ஆரம்பிச்சார், முதல்ல 25 சந்தாதாரர். 'வெஜிடேரியன்'ல முதல் மூணு எழுத்தும் கடைசி ரெண்டு எழுத்தும் சேத்து பேரு வச்சாங்க. அப்போ யுத்தகால ரேஷன். சைவக்காரங்க கறிக்கு பதிலா கூடுதல் சீஸ் வாங்கிக்கலாம்னு அரசாங்கம் சலுகை குடுத்திருந்துச்சு. சீஸும் தொடாதவனுக்கு அந்தச் சலுகையால என்ன பிரயோஜனம்? சைவம்னாலே பால் உண்டுன்னு எடுத்துக்கற வழக்கம் நம்ம ஊர்ல மட்டும் இல்ல. வாட்சன் 95 வயசு வரைக்கும் இருந்து 2005-ல போய்ச் சேர்ந்தார். பாம்பு ஜோக் சொல்ற பெரியப்பாக்களுக்கு நான் குடுக்கற ஒரே பதில் அதுதான்.

இப்போ திரும்ப ஊருக்கு வர்றேன். காந்தி டால்ஸ்டாய் பண்ணையில சமாளிச்சதும், வீட்டாளுங்க மத்தியில கட்டில்ல கிடந்தப்போ தோத்ததும் ஒண்ணா வச்சுப் பாத்தப்போ, எங்க பக்கத்துலயே நடந்த இன்னொரு விஷயம் ஞாபகம் வந்துச்சு.

கொட்டாரத்துல இருந்து பைக்ல போற தூரம்தான் சாமித்தோப்பு. அய்யா வைகுண்டர் 1809-ல பொறந்த ஊர். 1833-ல திருச்செந்தூர் கடல்ல இறங்கி வைகுண்டரா வெளிய வந்தார்ங்கறது அய்யாவழி நம்பிக்கை. பனையேறிகளுக்குத் தலைவரி, பெண்கள் மாராப்பு போடத் தடைன்னு திருவிதாங்கூர் ராஜ்ஜியம் மேல உக்காந்திருந்த காலம். எல்லாரும் ஒரே கிணத்துல தண்ணி எடுங்க, ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்கன்னு சொன்னவரை சுவாதித்திருநாள் காலத்துல திருவனந்தபுரத்துல ஜெயில்ல வச்சாங்க. விடுதலையாகி வந்த பிறகு அவர் செஞ்ச ஒரு காரியம்தான் துவையல் பந்தி.

அகிலத்திரட்டு அம்மானை சொல்ற கணக்குப்படி 700 குடும்பம். ஆணும் பொண்ணும் பிள்ளைகளுமா வீட்டை விட்டுக் கிளம்பி, கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரையில முதல்ல வாகைப்பதியில, அப்புறம் முட்டப்பதியில போய்த் தங்கினாங்க. நாளுக்கு மூணு வேளை குளிக்கணும், உடுத்தின துணியைத் துவைக்கணும். சாப்பாடு ஒரே வேளை, சைவம். பச்சரிசியும் சிறுபயறும்.

எந்த இடத்துலன்னு கவனிங்க. மீன் இல்லாத நாள் இல்லைங்கற கடற்கரை. இங்க மீனை விடறது சாமானியமில்ல. எங்க வீட்லயே நான் பாலை விட்டதை விட மீனை விட்டப்போதான் அம்மா அழுதாங்க, சாளைப் புளிமுளம் வேண்டாம்னு சொன்ன முதல் ஆள் எங்க பரம்பரையில நான்தான். அந்தக் கரையில 700 குடும்பம் அதைச் செஞ்சிருக்கு. எப்படி முடிஞ்சுது? பக்தி, சரி. ஆனா எனக்குத் தோணற காரணம் அந்த 'குடும்பம்'ங்கற வார்த்தைதான். மாமியார், மருமக, பிள்ளை எல்லாரும் ஒரே நாள்ல கிளம்பியாச்சு. நீ மட்டும் ஏன்லே இப்படின்னு கேக்க அடுக்களையில யாரும் மிச்சமில்ல. ஒருத்தன் மட்டும் இலையை மறைச்சா அவனுக்குச் சீக்கு, எழுநூறு வீடு மறைச்சா அது ஒரு பந்தி. தீண்டக்கூடாதுன்னு ஒதுக்கி வச்சவங்க, தங்களோட சுத்தத்தைத் தாங்களே தீர்மானிச்சுக்கிட்டாங்க. என்னோட நனிசைவம் அந்தப் பாரத்தைச் சுமக்கல, ரெண்டையும் ஒரே தராசுல வைக்கவும் மாட்டேன்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அய்யாவழிப் பதிகள்ல பச்சரிசியும் சிறுபயறும் போட்டுக் காய்ச்சிக் குடுக்கற கஞ்சிக்கு நித்தப்பால், தவணைப்பால்னு பேரு. அதாவது, பால்! பசுவுக்கு சம்பந்தமே இல்லாத பால். ஓட்ஸ் பால், பாதாம் பால்னு பாக்கெட்டுல இருநூறு முன்னூறு ரூபாய்க்கு பெங்களூர்ல வாங்கிட்டு இருக்கேன், இவங்க அந்தப் பேரை எப்பவோ கஞ்சிக்கு வச்சுட்டாங்க.

பாலைப் பத்தி எழுத உக்காந்துட்டு இதைச் சொல்லாம விட்டா ஏமாத்தற மாதிரி. போன மழைக்காலத்துல ஆச்சி போய்ச் சேர்ந்தாங்க. அப்பாவோட அம்மை. தகவல் வந்து பெங்களூர்ல இருந்து ராத்திரி பஸ் பிடிச்சு வந்தேன். மூச்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு. எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், போற உயிருக்கு வாயில பால் விடணும். ஒவ்வொருத்தரா விட்டாங்க. ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன், கை மாறி மாறி வந்துச்சு. என்கிட்ட வந்தப்போ அந்த அறையில ஒரு நிமிஷம் எல்லாரும் என்னைப் பாத்தாங்க. பாம்பு ஜோக் சொன்ன பெரியப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார், அம்மா மட்டும் என்னைப் பாக்கவே இல்ல.

விட்டேன். ரெண்டு ஸ்பூன். கடைவாய் வழியா வழிஞ்சுது, துடைச்சு விட்டேன்.

அது நான் குடிச்ச பால் இல்ல, என் விரதம் ஒண்ணும் உடையலன்னு அப்புறம் பெங்களூர் திரும்பற பஸ்ல கணக்குப் போட்டுப் பாத்தேன். பசு எருமை மட்டும்தான்னு காந்தி போட்ட கணக்கு மாதிரியேதான் இருந்துச்சு. வைக்கோல் கன்னும் ஞாபகத்துக்கு வந்துச்சு, ஆச்சியோட வாயும் ஞாபகத்துக்கு வந்துச்சு. அவர் மாதிரி நான் வருத்தப்படல. திரும்ப அந்த டம்ளர் வந்தாலும் விடுவேன்.

பதினாறு முடிஞ்சு ஒரு நாள் காலையில அம்மாவே கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்து வச்சாங்க. கூட ஒரு கிளாஸ்ல வெதுவெதுன்னு தேங்காப்பால், ஏலக்காய் தட்டிப் போட்டு. "இதாவது குடிக்கலாம்லா?"ன்னாங்க. கஸ்தூர்பா மாதிரியே கேட்டாங்கன்னு சொன்னா அம்மாவுக்குப் புரியாது, அதனால சொல்லல. குடிச்சேன்.

காந்தி மண்டபத்துக்கும் அந்த வாரம் போனேன். 1925-ல அவர் கன்னியாகுமரி வந்தப்போ, சீமைக்குப் போய்வந்தவர்னு கோயில் உள்ளே போக விடலையாம். சாப்பாட்டுச் சத்தியத்தை உயிரா நினைச்சுக் காப்பாத்தின அதே சீமைப் பயணத்துக்காக. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்து, 1937-ல திரும்ப வந்தப்போதான் உள்ளே போனார். வாசல்ல அதே மாங்காத்துண்டு விக்கறாங்க, மிளகாப்பொடி போட்டு. கவலைப்பட ஒண்ணுமில்ல, சுத்த நனிசைவம்.

வர்ற ஆவணியில சித்தப்பா மக கல்யாணம், தோவாளையில. இந்த வாட்டி பந்தியில வச்சுக் கேக்கறதா இல்ல. முதநாள் ராத்திரியே காய் நறுக்கற இடத்துக்குப் போய், தேங்காய் திருவிக் குடுக்கற சாக்குல உக்காந்து, அவியல்ல தயிர் விடறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் எனக்கு எடுத்து வைக்கச் சொல்லிடணும்.

முந்திரியை நெய்யில வறுக்கறதைத் தடுக்கறதுக்கு மட்டும் இன்னும் ஐடியா கிடைக்கல.